டென்ட் அண்ணாச்சி

மும்பை குர்லா மேற்கில் தமிழர்கள் குடியிருக்கும் எந்தக் கட்டடத்திலும் ஒரு டென்ட் அண்ணாச்சி இருப்பார். எல்.பி.எஸ். ரோட்டு நெரிசலில் வண்டியை ஆட்டோ உரசினால் மற்றவர்கள் இறங்கிச் சண்டை போடுவார்கள். அண்ணாச்சி இறங்கிப் படம் எடுப்பார், டென்ட்டும் நம்பர் பிளேட்டும் தெரிய. பொய் இன்ஷூரன்ஸ் க்ளெய்ம் போடமாட்டார், அது பாவம். தானாக வருகிற இடியை விடமாட்டார், அதுவும் பாவம்.

அவருடைய அப்பா தாமிரபரணிக் கரையில் மழை பார்த்துக் கார் சாகுபடி செய்தவர். மகன் மித்தி நதிக் கரையில் அதையேதான் செய்கிறார். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டி, குர்லாவே மூழ்கியது. வண்டியைக் கிளப்பப் பார்த்தவர்கள் எஞ்சினுக்குள் தண்ணீரை இழுத்து, க்ளெய்மையும் கெடுத்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து அண்ணாச்சிக்குத் தாரக மந்திரம் ஒன்றுதான்: "தண்ணியில நின்னா சாவியத் தொடாதே வே!"

'கேஷ்லெஸ்' அவருக்கு ஆகாது. பேரே சரியில்லையாம், பணம் நேராக ஒர்க்‌ஷாப்புக்குப் போய்விடும். அவர் கட்சி 'கேஷ் லாஸ்': நஷ்டத்தை மதிப்பிட்டுப் பணத்தைக் கையில் கொடுத்துவிட வேண்டும். ரிப்பேர் செய்து தருவதா, பணமாகத் தருவதா என்று தீர்மானிக்கும் உரிமை பாலிசிப்படி கம்பெனிக்குத்தான். அதனால் சர்வேயருக்கு ஃபில்டர் காபி உண்டு, முறுக்கும் உண்டு.

பிளாஸ்டிக் என்பதால் பம்பருக்குத் தேய்மானம் பாதி போகும். மூன்று வருஷம் தாண்டிய தகரத்துக்குக் கால் பங்கு. அதற்கு மேல் கட்டாயக் கழிவு 1000 ரூபாய். மிச்சம் வந்தால் காருக்கா போகும்? பின் பம்பர் ஊர் அம்மன் கொடைக்கு வரியானது. இடது கதவு மகனின் க்ளாஸ் ஃபீஸ். கதவுக்குக் கதவு வேண்டுமே? சி.எஸ்.டி. ரோட்டுப் பழைய சாமான் கடையில் ஒன்று கிடைத்தது. வெள்ளைக் காருக்கு நீலக் கதவு.

"வண்டியை ஒழுங்கான நிலையில் வச்சிருக்கணும்னு பாலிசியில ஒரு நிபந்தனை இருக்கே, அண்ணாச்சி?"

"ஓடத்தானே செய்யுது, தம்பி."

கணக்கு தெரிந்தவர் மதினிதான். ஐந்து வருஷம் க்ளெய்ம் இல்லாமல் ஓட்டினால் சொந்தச் சேத பிரீமியத்தில் 50 சதவீதம் வரை போனஸ் தள்ளுபடி உண்டு. ஒரு க்ளெய்ம் போட்டால் அது சுழிக்கு வந்துவிடும். "கீறலுக்கு மூவாயிரம் வாங்கிட்டு, அதுக்கு மேல போனஸ விட்டாச்சு" என்று அடுப்படியிலிருந்து சத்தம் வரும். அண்ணாச்சிக்கு அந்த நேரம் காது கேட்காது.

போன மழையில் அதே பின் பம்பரில் டெம்போ இடித்தது. வந்த சர்வேயர் இடியைப் பார்ப்பதற்கு முன் பழைய ஃபைலைப் பார்த்தார். "இதுக்குப் பணம் வாங்கிட்டீங்களே, ரிப்பேர் பில் எங்கே?" அந்த இடிக்குக் காலணா பெயரவில்லை. முறுக்கும் நஷ்டம்.

இப்போது வண்டியை விற்கப் போகிறார் என்று கேள்வி. குர்லாவில் பழைய கார் வாங்குகிறவர்கள் பழைய க்ளெய்ம் விவரத்தையும் ரிப்பேர் பில்லையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முக்கியமாக, வெள்ளைக் காரில் நீலக் கதவு இருந்தால்.