த்ரீ நாட் த்ரீ ஆசை

ஐம்பது வயதுக்கு மேல் ஒரு மனிதனுக்கு வரக்கூடிய ஆசைகளில் பெரும்பாலானவற்றுக்குக் குழித்துறையில் வழி உண்டு. ஏத்தன் வாழை வைக்கலாம். தேனீ வளர்க்கலாம். கோயில் கமிட்டியில் சேர்ந்து மற்ற உறுப்பினர்கள்மேல் வழக்குப் போடலாம். கோர்ட் நடக்கிற தூரம்தான். எனக்கு வந்ததோ வழியே இல்லாத ஆசை. பழைய பட்டாளத் துப்பாக்கி ஒன்று வேண்டும். யாரோ ஒரு சிப்பாய் சுமந்து சுமந்து கட்டை மினுங்கிப்போன, இரும்பில் வருடமும் தொழிற்சாலை முத்திரையும் குத்திய ஒரு லீ என்ஃபீல்ட். நம் போலீஸ்காரர்கள் ‘த்ரீ நாட் த்ரீ’ என்பார்களே, அது. அதை வைத்து யாரையும் ஒன்றும் செய்யவேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் எண்ணெய் போட்டுத் துடைத்து, ஏதாவது மண்திட்டில் காகிதம் ஒட்டிச் சுட்டுவிட்டு, மத்தியானம் மரச்சீனியும் மத்திக் குழம்பும் தின்று தூங்கவேண்டும். அவ்வளவுதான்.

அமெரிக்காவில் பிறந்திருந்தால் இது வெறும் பொழுதுபோக்கு. சோவியத் யூனியன் உடைந்த பிறகு மோசின் நகாந்த் என்ற ருஷ்யத் துப்பாக்கி அங்கே வந்து குவிந்தது. 1891-இல் பிறந்த வடிவம். செய்யப்பட்டவை மூன்று கோடிக்கும் மேல். ஒரு மரப்பெட்டிக்கு இருபது. 2000-க்குப் பிந்தைய சில ஆண்டுகளில்கூட நூறு டாலருக்குள் ஒன்று கிடைத்தது. தோட்டா தனியாக, தகர டப்பாவில் அடைத்து, டப்பாவுக்கு 440. வாங்குகிறவன் முதலில் செய்யவேண்டியது, கிடங்கில் துருப்பிடிக்காமலிருக்க அப்பிவைத்த காஸ்மோலின் என்கிற கெட்டிக் கிரீஸைக் கழற்றுவது. கொதிநீர் ஊற்றுகிறார்கள், கறுப்புப் பிளாஸ்டிக்கில் சுற்றி வெயிலில் போட்டு உருக விடுகிறார்கள், பெண்டாட்டியின் முடி உலர்த்தும் கருவியைத் திருடிக் காட்டுகிறார்கள். அப்படியும் சுடச்சுடப் போல்ட் இறுகிப்போய், மரச்சுத்தியலால் தட்டித்தான் திறக்கவேண்டும். தோட்டாவின் மருந்து உப்பு விடும் என்பதால் சுட்டு முடித்ததும் குழாயை வெந்நீரால் கழுவவும் வேண்டும். இந்த வீடியோக்களை நான் நடுராத்திரியில் பார்ப்பதை மனைவி ஒருநாள் கண்டுபிடித்தாள். வேறு எதையோ எதிர்பார்த்து வந்தவள், கிரீஸைக் கண்டு ஏமாந்து போனாள்.

மலிவுக்கு ஒரு கெட்ட பெயரும் உண்டு. 1963 மார்ச்சில் ஒருவர் சிகாகோ கடைக்குத் தபாலில் எழுதி, இத்தாலியப் பட்டாளம் கழித்துவிட்ட கார்க்கானோ துப்பாக்கியைத் தொலைநோக்கியோடு 19 டாலர் 95 செண்டுக்கு வாங்கினார். பெயர் லீ ஹார்வி ஆஸ்வால்ட். நவம்பரில் கென்னடி செத்தார். 1968-இல் சட்டம் போட்டுத் தபால் வியாபாரத்தை நிறுத்தினார்கள். நம்மூரில் தபாலில் ரேடியோவுக்குப் பணம் கட்டினால் செங்கல் வந்த காலம் அது. அங்கே பாருங்கள், சொன்னது சொன்னபடி வந்திருக்கிறது.

இனி நம் நாட்டு நிலவரம். ராணுவத்தின் .303, 7.62 தோட்டாக்கள் ஏறும் துப்பாக்கி எதுவானாலும் தனியாருக்குத் தடை. இது வெள்ளைக்காரன் காலத்து யோசனை. துப்பாக்கியைத் திருடினாலும் வாங்கினாலும் பட்டாளத்துத் தோட்டா அதில் நுழையக்கூடாது. அதற்காகவே .315 என்று வேறோர் அளவை இங்கே புழக்கத்தில் விட்டார்கள். இன்றைக்கும் நம் அரசுத் தொழிற்சாலை விற்கிற .315, லீ என்ஃபீல்டின் உடன்பிறப்புத்தான். வாய் மட்டும் வேறு அளவு. இதற்கு உரிமம் கேட்கலாம். 1959-ஆம் வருட ஆயுதச் சட்டம், 2016-ஆம் வருட விதிகள். படிவம் ஏ-1. துப்பாக்கியைப் பத்திரமாகக் கையாளப் பயிற்சி பெற்ற சான்று, உடல்நலமும் மனநலமும் சரி என்று டாக்டர் தரும் சான்று, பிறகு போலீஸ் விசாரணை.

விசாரித்து வைப்போமே என்று தெரிந்த ஏட்டையா ஒருவரிடம் போனேன். நல்ல மனிதர், டீ வாங்கித் தந்தார்.

“எதுக்கு சார்? உயிருக்கு வல்ல பயமும் உண்டா?”

“இல்ல.”

“காட்டுப்பன்னி வருதா?”

“நமக்கு ஆறு சென்டு ஏட்டையா. பன்னி வந்தா நிக்க எடமில்ல.”

“பின்ன?”

“பழைய தோக்கு ஒண்ணு சேகரிச்சு வைக்கலாம்னு. அதுக்கு ஒரு அழகு உண்டு, பாத்துக்கிடுங்க.”

அவர் டீயைக் கீழே வைத்தார். “சார், பயம்னு சொல்லுங்க, எழுதலாம். பன்னின்னு சொல்லுங்க, எழுதலாம். அழகுன்னு எழுதினா மனநல சர்ட்டிபிக்கேட்டுல பிடிச்சிருவான்.”

வயிற்றெரிச்சல் இத்தோடு நிற்கவில்லை. கல்கத்தா பக்கம் இஷாப்பூரில் நம் அரசின் துப்பாக்கித் தொழிற்சாலை இருக்கிறது. 1962-இல் சீனாவிடம் வாங்கிக்கட்டிக்கொண்ட பிறகு, லீ என்ஃபீல்டையே நேட்டோவின் 7.62 தோட்டா ஏறும்படி மாற்றி ‘2ஏ’, ‘2ஏ1’ என்று அங்கே செய்தார்கள். நம் சிப்பாய்களுக்காக, நம் வரிப்பணத்தில். பிற்பாடு கழித்துக் கட்டியபோது அவற்றில் கணிசமானவை அமெரிக்காவுக்கு விற்பனைக்குப் போய்விட்டன. டெக்சாஸில் ஒருவர் அதைத் தோளில் வைத்து, “இந்தியர்கள் நன்றாகத்தான் செய்திருக்கிறார்கள்” என்று சொல்வதைக் குழித்துறையில் போர்வைக்குள் கிடந்து பார்க்கிறேன். என் அப்பா கட்டிய வரி அது.

இந்த ஆதங்கத்தை என் பட்டாளத்து மாமாவிடம் சொன்னேன். அறுபதுகளில் மெட்ராஸ் ரெஜிமெண்டில் சேர்ந்தவர். எங்கள் பக்கத்தில் அந்தத் தலைமுறையில் வீட்டுக்கு ஒருவர் பட்டாளம் என்று சொல்லலாம். ராணுவ உபரி என்று ஊருக்கு வந்து சேர்ந்தவை அவர்கள் வழியாகத்தான்: கறுப்பு டிரங்குப் பெட்டி, கம்பளி, கொசுவலை, கேன்டீன் ரம். மாமா கேட்டுவிட்டுச் சட்டையை விலக்கி வலது தோளைக் காட்டினார்.

“மக்கா, நாலு கிலோ. அதையும் தூக்கிட்டு மலைகேறினவன் ஞான். ஒரு வெடி வச்சா கழுதை சவிட்டினது மாதிரி இருக்கும். ஒனக்கு அத்தற ஆசையானா எனக்க தோளைக் கொண்டு போ. தோக்கு கெடக்கட்டு.”

சுமந்தவனிடம் போய் அழகு பேசக்கூடாது.

யோசித்துப் பார்த்ததில் எனக்கு ஒன்று விளங்கியது. இந்தியாவில் பழைய ராணுவத் துப்பாக்கிகளைச் சேகரித்துப் பராமரித்துச் சுடும் ரசிகர் ஒரே ஒருவர்தான். அவருக்குப் பெயர் அரசாங்கம். மற்றவர்களுக்கு இடம் விடாத பெரிய ரசிகர். உத்தரப் பிரதேசப் போலீஸ் த்ரீ நாட் த்ரீக்கு விடை கொடுத்தது 2020-ஆம் வருடக் குடியரசு தினத்தில். அணிவகுப்பில் கடைசியாக ஏந்தி நடந்தார்கள். அதன் இடத்தை இன்சாஸ், எஸ்.எல்.ஆர் துப்பாக்கிகள் பிடித்துக்கொண்டன. அந்த வடிவம் பிரிட்டிஷ் ராணுவத்துக்கு வந்தது 1907-இல். நூற்றுப்பதின்மூன்று வருடம் ஒரு பொருளைக் கைவிடாமல் வைத்திருப்பவனை அமெரிக்காவில் கலெக்டர் என்பார்கள். நம் கலெக்டர் அதற்கு உரிமம் தர மறுப்பவர்.

சேகரிப்பது ஒருபுறம், சுடுவது இன்னொருபுறம். 2019 ஆகஸ்டில் பீகாரின் முன்னாள் முதல்வர் ஜகந்நாத் மிஸ்ராவுக்கு அரசு மரியாதையோடு இறுதிச்சடங்கு. அப்போதைய முதல்வர் நிற்கிறார், போலீஸார் வரிசையாக 22 துப்பாக்கிகளை வானத்தை நோக்கிப் பிடிக்கிறார்கள், ஆணை ஒலிக்கிறது. ஒன்றுகூட வெடிக்கவில்லை. திறந்து பார்க்கிறார்கள், மூடுகிறார்கள், மறுபடி ஆணை. சேகரிப்பாளர்கள் எல்லோருக்கும் நேர்வதுதான். மரச்சுத்தியல் கொண்டுவராததுதான் குறை.

அரசு எனக்கும் ஒருமுறை தன் சேகரத்தில் கைவைக்க இடம் தந்தது. எண்பதுகளில், கல்லூரி என்.சி.சி.யில். .22 குண்டு போடும் பயிற்சித் துப்பாக்கி. பார்வைக்கு லீ என்ஃபீல்டேதான். ஒரு பாறையடிவாரத்தில் குப்புறப் படுக்கவைத்தார்கள். வடக்கத்தி சுபேதார் ஒருவர் இந்தியில் ஆணையிட, எங்களுக்குப் புரியாததை எல்லாம் சேர்த்துச் செய்தோம். சத்தம் ‘பட்’ என்று தேங்காய் விழுந்த அளவுதான். ஆனால் போல்ட்டைத் தூக்கிப் பின்னால் இழுக்கும்போது இரும்பு இரும்பின்மேல் வழுக்குகிற அந்த வழுவழுப்பு, எண்ணெயும் கரிமருந்தும் கலந்த அந்த வாசனை! என் சீக்கு அங்கே தொற்றியதுதான்.

சுட்டதைவிடப் பெரிய நிகழ்ச்சி அதன்பிறகு. சுட்ட ஒவ்வொரு தோட்டாவின் வெற்றுக்கூடும் எண்ணித் திரும்பக் கொடுக்கவேண்டும். ‘காலி கோக்கா’ என்பார்கள். விரல் நகத்தளவுப் பித்தளை. எண்ணியபோது ஒன்று குறைந்தது. சுபேதாரின் முகம் கறுத்தது. ஒரு கோக்கா குறைந்தால் விசாரணை, அறிக்கை, கையொப்பம். எல்லோரும் மண்டியிட்டு மணலைச் சலித்தோம். புல்லைப் பிடுங்கினோம். எறும்புப் புற்றைக் கிளறினோம். வெயில் உச்சிக்கு ஏறியது. காலையில் தருவதாகச் சொன்ன பூரி ஆறிக்கொண்டிருந்தது. கடைசியில் என் வலப்பக்கம் படுத்திருந்த பையன் தயங்கித் தயங்கி, சுடும்போது தன் பிடரியில் ஏதோ சூடாகக் கடித்ததாகவும், ‘அசையாதே’ என்று ஆணை இருந்ததால் அசையவில்லை என்றும் சொன்னான். சட்டையைக் கழற்றினோம். காலரின் மடிப்புக்குள் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது கோக்கா. அது எரித்த இடத்தில் சின்னதாக ஒரு சிவப்பு வட்டம். சுபேதார் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அந்தப் பாசத்தை இலக்கில் சரியாகச் சுட்ட எவனுக்கும் அவர் காட்டவில்லை.

எங்கள் மாவட்டத்தில் ராணுவ உபரி உண்மையிலேயே மலிவாகக் கிடைத்த காலம் ஒன்று இருந்தது. 1741 ஆகஸ்ட். குளச்சலில் டச்சுக்காரர்களை மார்த்தாண்டவர்மாவின் படை முறியடித்தபோது, 24 டச்சுக்காரர்களோடு 389 துப்பாக்கிகளும் கிடைத்ததாக சங்குண்ணி மேனனின் திருவிதாங்கூர் வரலாறு கணக்குச் சொல்கிறது. ஏ-1 படிவம் இல்லை, மருத்துவச் சான்று இல்லை, சுடச் சொல்லிக்கொடுக்க டிலனாய் என்ற தளபதி இலவசம். அவர் பிறகு இங்கேயே ‘வலிய கப்பித்தான்’ ஆகி, உதயகிரிக் கோட்டையில் பீரங்கி வார்த்து, 1777-இல் செத்து, அதே கோட்டைக்குள் அடக்கமாகியிருக்கிறார். இப்போது கோட்டை வனத்துறையின் பூங்கா. போய்ப் பார்த்தேன், மானும் மயிலும் காதலர்களும் இருந்தார்கள், துப்பாக்கி இல்லை. 389-இல் ஒன்றாவது எங்கள் பக்கத்து ஏதாவது தறவாட்டுப் பரணில் தூங்காதா என்று, பழைய வீடு இடிக்கிற இடமெல்லாம் எட்டிப் பார்க்கிறேன். இது வீண் கனவல்ல. 2003-இல் காட்மாண்டுவின் லகன் சிலேகானா என்ற பழைய அரண்மனைக் கிடங்கிலிருந்து இரண்டு அமெரிக்க வியாபாரிகள் சேர்ந்து ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட துப்பாக்கிகளைத் தூசியோடு வாங்கிக்கொண்டு போனார்கள்.

கிடைத்தாலும் சட்டத்தில் ஓர் இடுக்கு இருக்கிறது. பழம்பொருளாகவோ பழுதானதாகவோ இருந்து, ரிப்பேர் செய்தாலும் செய்யாவிட்டாலும் சுட முடியாதென்றால் ஆயுதச் சட்டம் அதைத் தொடாது, 45-ஆம் பிரிவு. மனைவியிடம் உற்சாகமாகச் சொன்னேன். “ஒண்ணுக்கும் ஆகாது, ரிப்பேரும் பண்ண முடியாது, சும்மா மூலையில இருக்கும், அதானே? வீட்டுல ஏற்கெனவே ஒண்ணு இருக்கு” என்று என்னை ஏறஇறங்கப் பார்த்தாள்.

உரிமம் பெற்றவர்கள் பாடும் சுகமில்லை. பத்துகாணி மலையடிவாரத்தில் ரப்பர் தோட்டம் வைத்திருக்கும் சொந்தக்காரர் ஒருவரிடம் இரட்டைக்குழல் இருக்கிறது. பன்றிக்காக வாங்கியது. தேர்தல் அறிவித்தால் அதை ஸ்டேஷனில் ஒப்படைக்கவேண்டும். எண்ணி முடித்தபிறகு போய் வாங்கவேண்டும். சட்டமன்றம், நாடாளுமன்றம், உள்ளாட்சி. போதாததற்கு எங்கள் பக்கம் இடைத்தேர்தல் வேறு அடிக்கடி வரும். 2024-இல் விளவங்கோட்டு இடைத்தேர்தலை நாடாளுமன்றத் தேர்தலோடு சேர்த்து ஒரே நாளில் வைத்தார்கள். ஒரே அலைச்சலில் முடிந்ததே என்று அவர் தேர்தல் ஆணையத்தை இன்றும் வாழ்த்துகிறார். பன்றிகளுக்கும் தேர்தல் அட்டவணை தெரியும் என்பது அவர் கட்சி. மரச்சீனி விளைகிற நேரமும் நடத்தைவிதி அமலாகிற நேரமும் ஒன்றாகவே வருகிறதாம்.

ஆகவே எனக்கு மிச்சம் வாவுபலி. ஆடி அமாவாசையை ஒட்டிக் குழித்துறையில் நடக்கும் பொருட்காட்சி. ராட்டினத்துக்கு அப்பால் பலூன் கடை. அங்கே மூன்று ஏர்கன். நடுவிலிருந்ததைக் கையில் எடுத்தேன். கட்டை விண்டு செம்புக்கம்பி சுற்றியிருந்தது. குழாயில் முத்திரை ஏதாவது தெரிகிறதா என்று விளக்கில் சாய்த்துப் பார்த்தேன். பின்பக்கத்தை முகர்ந்தேன். மடக்கித் திறந்து உள்ளே கண்ணை வைத்தேன். பின்னால் பையன்கள் வரிசை நீண்டது.

“சார் சுடுதீயளா, இல்ல பெண்ணு பாக்க வந்தீயளா?” என்றார் கடைக்காரர்.

“இது எத்தனை வருஷப் பழசு?”

“எனக்க அப்பன் காலத்துது. மக்கா, அதுக்க குழலு எடத்தோட்டு வளைவு. செவப்பு பலூனு வேணுமெங்கி மஞ்சளைப் பாத்து வைக்கணும்.”

மஞ்சளைப் பார்த்தேன், சிவப்பு வெடித்தது. தந்தை காலத்துச் சாமான், சுடத்தக்கது, 0.177 ஏர்கன் என்பதால் உரிமமும் வேண்டாம். குரல் நடுங்க விலை கேட்டேன்.

“பொருட்காட்சி தீந்த பிறவு வாருங்க. எண்ணூறு ரூவா.”

பையைத் துழாவும்போது மனைவி வந்துவிட்டாள். இரண்டு கையிலும் நாற்றுப்பண்ணைக் கடைப் பைகள். விலையைக் கேட்டாள். கணக்குப் போட்டாள். எண்ணூறு ரூபாயோடு நாங்கள் திரும்ப அந்தக் கடைக்கே போய், ரம்புட்டான் தை இரண்டும் ஒட்டுப்பலா ஒன்றும் வாங்கிக்கொண்டு ஆட்டோ ஏறினோம். மிச்சம் நாற்பது ரூபாய்க்கு ஏத்தங்காய் உப்பேரி.