உடுவில் எதிர் மருதனார்மடம்

கனவு அணி கட்டுகிற விளையாட்டைக் கண்டுபிடித்தவர் டேனியல் ஒக்ரென்ட் என்று அமெரிக்கர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். 1980-இல் மன்ஹற்றனில் ஒரு பிரெஞ்சுச் சாப்பாட்டுக்கடையில் கூடிக் கதைத்த சிநேகிதர்கள், உண்மையான பேஸ்போல் வீரர்களைக் கடதாசியில் ஏலம் எடுத்து ஆளுக்கொரு அணி வைத்துக்கொண்டார்களாம். மட்டையைத் தொடாமலே முதலாளி ஆகிற வித்தை.

கோப்பாய்ச் சந்தியில் தேத்தண்ணியோடு இலங்கை அணியைத் தினமும் கலைத்துக் கட்டுகிறவர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். நான் அவர்களுக்காக வாதாட வரவில்லை. எனக்கு வேறு வழக்கு இருக்கிறது. இந்த விளையாட்டை அமெரிக்கர்கள் 156 வருடம் முந்தியே ஆடிவிட்டார்கள். ஆடிய இடம் எங்களுக்குப் பக்கத்து உடுவில். ஏலத்தில் போனவர்கள் யாழ்ப்பாணத்துப் பெட்டையள்.

1816-இல் அமெரிக்க மிஷன் வந்து இறங்கியது. 1823-இல் வட்டுக்கோட்டையில் பெடியளுக்குச் செமினரி, 1824-இல் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளிக்கூடம். காசு எங்கிருந்து? அமெரிக்காவில் ஏதோ ஒரு ஊர்த் தேவாலயத்துப் பெண்கள் சங்கம் சில்லறை சேர்த்துக் கப்பலில் அனுப்பும். அந்தக் காசுக்கு இங்கே ஒரு பிள்ளை அவர்கள் கணக்கில் எழுதப்படும். பிள்ளைக்குப் பெயர் வைப்பதும் அவர்கள்தான். நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, கறோல் விசுவநாதபிள்ளை என்று பெரிய பண்டிதர்களின் தலையிலேயே வெள்ளைக்காரப் பெயர் ஏறியது இப்படித்தான். பெட்டையளுக்கும் அதே கதி. முதலாளி அம்மா தன் வீராங்கனையைச் சீவியத்தில் ஒருநாளும் காணமாட்டார். மாதக் கணக்கில் கப்பல் ஓடி ஒரு கடிதம் போகும்: பிள்ளை வேதம் வாசிக்கிறாள், தையல் நன்று. அதைப் படித்துவிட்டு அங்கே கைதட்டுவார்கள்.

பெண்பிள்ளைக்கு எழுத்து எதற்கு என்று இங்கே தாய் தகப்பன்மார் முறுக்கிக்கொண்டார்கள். மிஷன் எங்கள் ஆட்களின் நாடி பார்த்து மருந்து கொடுத்தது. படிப்பை முடித்து, எங்கள் சம்மதத்தோடு கிறிஸ்தவ மாப்பிள்ளையைக் கட்டினால் சீதனம் தருவோம் என்றது. சீதனம் என்ற சொல்லைக் கேட்டதும் யாழ்ப்பாணம் காது கொடுக்காமல் இருக்குமா? ஐபிஎல்காரருக்கு இந்த ஒப்பந்தத்தைக் காட்டினால் வெட்கப்பட்டுப் போவார்கள்.

ஆள் மாற்றும் காலமும் அப்போதே இருந்தது. அதை இழுத்துப் பூட்டியவர் ஆளுநர் பார்ன்ஸ். மிஷனுக்கு அச்சு இயந்திரம் வந்துவிட்டது. அதை ஓட்டுவதற்கு ஜேம்ஸ் கரற் என்பவர் 1820-இல் வந்து இறங்க, அமெரிக்க ஆட்கள் இனி வேண்டாம் என்று ஆளுநர் அவரைச் சில மாதத்துக்குள் வெளியேறச் சொல்லிவிட்டார். இயந்திரம் இருந்தது, கரற் போனார்.

இனி நானே கட்டிய இரண்டு கனவு அணிகளுக்கு வருகிறேன். விளையாட்டு வோட்டர் போலோ. 1870-களில் ஸ்கொட்லாந்தில் வில்லியம் வில்சன் இதற்கு விதி எழுதினார். தண்ணீருக்குள் அணிக்கு 7 பேர். கால் தரையில் பட்டால் பிழை. கோல் காப்பாளரைத் தவிர மற்றவர்கள் பந்தை ஒரு கையால்தான் தொடலாம். ஒலிம்பிக்கில் ஆண்கள் 1900-இல் இறங்கினார்கள், பெண்களை விட்டது 2000-இல். அமெரிக்கக் கல்லூரிப் பெண்களின் தேசியக் கிண்ணப் போட்டி அதற்கு அடுத்த வருடம் தொடங்கியது. பெண்பிள்ளை தண்ணீரில் இறங்கினால் என்ன ஆகும் என்று யோசிக்க உலகத்துக்கு 100 வருடம் தேவைப்பட்டிருக்கிறது.

நாங்கள் இன்னும் யோசிக்கிறோம். 1954-இல் நவரத்தினசாமி பாக்குநீரிணையை நீந்திக் கடந்தார். 1971-இல் ஆழிக்குமரன் ஆனந்தன் வல்வெட்டித்துறையிலிருந்து கோடியக்கரைக்கு நீந்திப்போய், திரும்பியும் நீந்தி வந்தார், 51 மணித்தியாலம். ஆம்பிளையளுக்கு இந்தியா வரைக்கும் கடல். பெண்களுக்குக் கிடைத்தது கிணற்றடி, அதற்கும் கிடுகு மறைப்பு.

ஒரு அணி உடுவில். எதிரணி மருதனார்மடம். சைவப் பெண்பிள்ளைகள் மிஷன் பள்ளிக்கூடத்துக்குப் போவதா என்று பொன்னம்பலம் இராமநாதன் 1913-இல் அங்கே கல்லூரி கட்டினார். பெண்களுக்குக் கல்லூரி கட்டிய அதே கனவான், பெண்களுக்கு வாக்குரிமை என்றதும் எதிர்த்துப் பேசினார். அவரை முதலாளியாக மட்டும் வைத்துக்கொள்வோம், தந்திரம் சொல்ல விடக்கூடாது.

உடுவிலின் கோல் காப்பாளர் எலைசா அக்னியு. இதில் விவாதமே இல்லை. 1840-இல் வந்தவர் 1879 வரை பள்ளிக்கூடத்தை விட்டு அசையவில்லை. விடுமுறைக்குக்கூட அமெரிக்கா திரும்பவில்லை. 1883-இல் கண்ணை மூடியதும் மானிப்பாயில்தான். கோல் கம்பத்தை விட்டு இந்த அளவுக்கு நகராத காப்பாளர் எந்த அணிக்குக் கிடைக்கும்? பயிற்சியாளர் பள்ளிக்கூடத்தைத் தொடங்கிய ஹரியற் வின்ஸ்லோ. அவருடைய கணவர் மைரன் வின்ஸ்லோ தமிழ் அகராதி போட்டவர். நடுவரோடு சண்டை வந்தால் சொல்லுக்குப் பஞ்சமில்லை.

மருதனார்மடத்துக்கு நடு முன்னணி ஃபுளோரன்ஸ் ஃபார். இலண்டன் நாடக மேடை நடிகை, பெர்னாட் ஷாவின் பழைய காதலி, கவிஞர் யேட்ஸின் தோழி, போதாக்குறைக்கு மந்திர தந்திரச் சங்கத்தில் பெரிய புள்ளி. இத்தனையையும் விட்டுவிட்டு 1912-இல் இலங்கைக்கு வந்து சைவப் பிள்ளைகளின் கல்லூரிக்குத் தலைமை ஏற்றார். இந்தத் தெரிவை யார் செய்தாரோ, துணிச்சல்காரர். வோட்டர் போலோவில் பாதிப் பிழை தண்ணீருக்குக் கீழே நடக்கும், நடுவருக்குத் தெரியாது. அடி விழாமலே அடிபட்டதுபோல் துடிக்க மேடைக்காரியை விட யாரால் முடியும்? பயிற்சியாளர் அவுஸ்திரேலியாவில் பிறந்த லீலாவதி அம்மையார், இராமநாதனின் மனைவி, ஃபாருக்குப் பிறகு கல்லூரியைத் தாங்கியவர்.

பொதுக் களத்தில் இரண்டு பேரை விட்டிருந்தேன். நாணயச் சுழற்சியில் மருதனார்மடம் வென்றது, கண்ணை மூடிக்கொண்டு தர்ஜினி சிவலிங்கத்தை எடுத்தது. புன்னாலைக்கட்டுவன் பிள்ளை, உயரம் 6 அடி 10 அங்குலம், 2018-இல் சிங்கப்பூரில் இலங்கைக்கு ஆசிய வலைப்பந்துக் கிண்ணம் வாங்கிக் கொடுத்த அணியின் தூண்.

உடுவிலுக்கு மிஞ்சியது மாருதப்புரவீகவல்லி. குதிரை முகத்தோடு வந்த சோழ இளவரசி, கீரிமலையில் நீராடி மனித முகம் பெற்றார் என்பது ஐதீகம். நீச்சல் அனுபவம் உள்ள ஒரே ஆள். ஆனால் தண்ணீரில் இறங்கும்போது ஒரு முகம், ஏறும்போது வேறு முகம் என்றால் எதிரணி ஆள்மாறாட்டம் என்று முறைப்பாடு வைக்கும். மிஷன் வேறு முதல் வேலையாக அவருக்கு மேரி ஆன் என்று பெயர் மாற்றும். தொப்பியில் இலக்கம் மட்டும் போதும் என்பதால் மாருதப்புரவீகவல்லி தப்பினார்.

ஆடுகளம்? கோப்பாய்–கைதடிப் பாலத்தடியில் கடல்நீரேரி இருக்கிறது. தர்ஜினி நிற்பார், தண்ணீர் முழங்காலைத் தொடும். ஒவ்வொரு நிமிடமும் பிழை. கோப்பாயைத் தாண்டிப்போனால் நிலாவரை, அடி காணாத கிணறு என்று பேர். கால் படாது, உண்மைதான். 14 பேர் இறங்கினால் தண்ணீர் வெளியில் நிற்கவேண்டும். கீரிமலையில் பெண்கள் கேணி வசதியானது, ஆனால் சுற்றிவர மதில். பார்வையாளர் இல்லாத போட்டிக்கு விளம்பரம் யார் தருவான்?

நடுவராக எங்களூர் சார்பில் சங்கிலி மன்னனைப் போட்டேன். 1560-இல் போர்த்துக்கேயர் கொன்ஸ்ரன்ரீனோ தலைமையில் நல்லூரைப் பிடிக்க, மன்னன் கோப்பாய்க்குப் பின்வாங்கினான், அங்கிருந்து வன்னிக்கு. பிறகு சனங்கள் கிளம்பி அடித்த அடியில் கொன்ஸ்ரன்ரீனோ மன்னாருக்கு ஓடினான். விட்டுக்கொடுத்துத் திருப்பி அடிக்கிற ஆட்டம் தெரிந்தவர், விதியும் தெரிந்திருக்கும். போகிற போக்கில் போர்த்துக்கேயர் புத்தரின் பல் என்று சொல்லி ஒன்றைக் கோவாவுக்குக் கொண்டுபோனார்கள். பெகு மன்னன் பெருந்தொகை தருகிறேன் என்றும், பேராயர் ஒத்துக்கொள்ளாமல் உரலில் இடித்துப் பொடியாக்கினார். கண்டிக்காரர் அசல் பல் தங்களிடம்தான் என்றார்கள். ஆக, சரித்திரத்தில் இவ்வளவு பெரிய விலை பேசப்பட்ட தெரிவே போலி என்று வழக்கு.

முடிவைச் சொல்லிவிடுகிறேன். உடுவில் அமெரிக்கா, மருதனார்மடம் அவுஸ்திரேலியா. 2000-இல் சிட்னியில் பெண்களின் முதல் ஒலிம்பிக் இறுதிப் போட்டியிலும் இந்த இரண்டு நாடுகள்தான் மோதின. ஆட்டம் முடிய 1.3 வினாடி இருக்கும்போது இவெற் ஹிகின்ஸ் எறிந்த பந்து உள்ளே போக, அவுஸ்திரேலியா 4–3 என்று வென்றது. என் ஏட்டிலும் அதே கணக்கு. உடுவில் பழைய மாணவிகள் கோபிக்கவேண்டாம். அக்னியு அம்மாவில் பிழையில்லை, ஃபார் நடித்து வாங்கிய பிழைதான் காரணம். முறைப்பாடு இருந்தால் சங்கிலியிடம் கொடுங்கள், அவர் இப்போது வன்னியில்.