முகப்பில் தொங்குவன: ஸ்கந்தபுரம் முதல் முல்லைத்தீவுக் கரைவரை ஓர் ஆய்வு

வன்னியை ஆராய்ந்தவர்கள் பெரும்பாலும் குனிந்தபடியே ஆராய்ந்திருக்கிறார்கள். குளம், வயல், கல்வெட்டு, யானைத்தடம் என்று எல்லாமே நிலத்தோடு ஒட்டிய விடயங்கள். ஒரு கடை வாசலில் நின்று நிமிர்ந்து பார்த்தவர் அரிது. அங்கே, தலைக்குச் சற்று மேலே, வளையிலும் சிலாகையிலும் கட்டிய கயிறுகளில் ஒரு முழுப் பண்பாடே ஆடிக்கொண்டிருக்கிறது: வாழைக்குலை, தும்புத்தடி, பிளாஸ்டிக் வாளி, வலைப்பைக்குள் பந்து, ஷாம்புச் சரம். இப்பெருங்குறையை நீக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். இதற்கென நிதி எதுவும் கோரப்படவில்லை, கோரியிருந்தாலும் கிடைத்திராது.

முதலில் எல்லை வகுக்க வேண்டும். முதலாளி தானே லாச்சிக்குப் பின்னால் அமர்ந்திருக்கும் கடைகள் மட்டுமே எடுத்துக்கொள்ளப்பட்டன. சதொசவும் சுப்பர் மார்க்கெட்டும் விலக்கப்பட்டன. அங்கே சொல்லும்படியாக எதுவும் தொங்குவதில்லை. 1916இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் கிளாரன்ஸ் சோண்டர்ஸ் என்பவர் 'பிக்லி விக்லி' என்ற கடையைத் திறந்து, சனம் கூடையோடு உள்ளே நடந்து தானே சாமான் எடுக்கலாம் என்று விட்டார். இலங்கையில் காகில்ஸ் ஃபுட் சிற்றி தன் முதற்கடையை 1983இல் கொழும்பு ஸ்ரேபிள் வீதியில் திறந்தது. அந்த முறையில் சாமான் கைக்கு எட்ட வேண்டும். தொங்கல் முறையிலோ அது கைக்கு எட்டவே கூடாது, கண்ணுக்கு மட்டும் எட்ட வேண்டும். எட்டாததை வாங்க வாய் திறக்க வேண்டும். வாய் திறந்தால் முதலாளியும் திறப்பார்: "தம்பி எவடம்? ஆற்றை பெடியன்?" பத்து ரூபாய்ச் சாமானுக்குப் பரம்பரையே விசாரணைக்கு வந்துவிடும்.

இனி ஆய்வுக்களம். ஸ்கந்தபுரத்தில் கடல் இல்லை. அக்கராயன் குளத்தை அண்டிய, கரைச்சிப் பிரதேசத்து விவசாய ஊர் அது. கடலோரக் கடைகளைப் பற்றிய ஆய்வு அங்கே ஏன் தொடங்க வேண்டும் என்று பரீட்சகர் கேட்பார். உப்புக்காற்றுப் படாத கொழுக்கியைப் பார்த்தால்தானே பட்ட கொழுக்கியின் நிலை விளங்கும் என்பது முதற்பதில். இரண்டாவது பதில் கனமானது. 1996இல் 'சத்ஜய' படை நடவடிக்கையோடு கிளிநொச்சி நகரம் இடம்பெயர்ந்தபோது கடைத்தெருவும் கூடவே இடம்பெயர்ந்தது. மல்லாவியும் ஸ்கந்தபுரமும் திடீர்ப் பட்டினங்களாயின. காட்டுத்தடியும் கிடுகும் கொண்டு கொட்டில்கள் எழுந்தன. கொட்டிலுக்குச் சுவர் கிடையாது. சுவர் இல்லாத இடத்தில் அலுமாரி நிற்காது. அலுமாரி இல்லாத கடையில் சாமான் தொங்கத்தான் வேண்டும். தொங்கலியலின் வன்னிப் பள்ளி இங்கேதான் உருவானது என்று இவ்வாய்வாளர் துணிகிறார்.

ஸ்கந்தபுரத்து முகப்பில் இன்று தொங்குவன வயலின் பக்கம் சாய்ந்தவை. மாட்டுக்கயிறு, நாய்ச்சங்கிலி, தண்ணீர்க்குழாய்ச் சுருள், தோளில் கொழுவும் மருந்தடிக்கும் தாங்கி. பரந்தனில் ஏ35 வீதிக்குத் திரும்பி விசுவமடு தாண்டிக் கிழக்கே போகப்போகச் சரங்களின் உள்ளடக்கம் மெல்ல மாறுகிறது. வட்டுவாகல் பாலம் கடந்து முல்லைத்தீவு நகருக்குள் நுழைந்தால் தங்கூசிச் சுருள், மிதவை, பச்சையும் நீலமுமான நைலோன் கயிறு, அகலக்கரை வைத்த தொப்பி. இடையில் புதுக்குடியிருப்புப் பக்கம் மாட்டுக்கயிறும் மிதவையும் ஒரே வளையில் தோளோடு தோள் உரசித் தொங்கும் கடைகள் உண்டு. வன்னியின் வயலும் கடலும் சந்திக்கும் கோடு அந்த வளைதான் என்று இவ்வாய்வு முன்மொழிகிறது. வரைபடங்களைத் திருத்துவோர் எவரும் இதுவரை தொடர்புகொள்ளவில்லை.

கரையோரத் தொங்கல் காற்றுக்குக் கட்டுப்பட்டது. தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் கிழக்குக் கடல் அடங்கியிருக்கும். தொழிலுக்குப் போவோர் கூட, கயிறும் மிதவையும் முன்வரிசைக்கு வரும். வாடை இறங்கிவிட்டால் அவை பின்னுக்குப் போய், குடையும் மழைக்கோட்டும் முன்னே வந்துவிடும். இந்த ஒழுங்கை ஆண்டில் ஒருமுறை குழப்புவது வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கல். சிலாவத்தையில் எடுத்துவரும் கடல்நீரில் விளக்கெரியும் அந்த வைகாசி விழாவுக்குத் திரளும் சனத்தை நம்பி முளைக்கும் தற்காலிகக் கடைகளில் ஊதுகுழலும் பலூனும் சங்கிலி மாலையும் மட்டுமே ஆளும்.

துருவைப் பற்றியும் சொல்ல வேண்டும். உப்பிலுள்ள குளோரைட்டு இரும்பின் காப்புப் படலத்தைத் துளைத்துவிடும் என்பது இரசாயனப் புத்தகத்தில் உள்ளது. புத்தகம் வாசிக்காத முதலாளிமாரும் அதை அறிவார்கள். கடலுக்குக் கிட்டக் கிட்டக் கம்பிக் கொழுக்கி அருகி நைலோன் முடிச்சு பெருகுகிறது. சுருள்வில் தராசு மட்டும் விதிவிலக்கு. அது துருப்பிடித்தாலும் தொங்கியே தீரும். வில்லின் நீட்சி சுமைக்கு நேர்விகிதம் என்று ரொபேர்ட் ஹூக் 1678இல் வெளியிட்டார். துருப்பிடித்த வில்லுக்கு அந்த விகிதம் யார் பக்கம் சாயும் என்பதை அவர் எழுதவில்லை. அதை 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்க அளவீட்டு அலகுகள் சட்டம்தான் கவனித்துக்கொள்கிறது.

ஷாம்புச் சரத்தின் பூர்வீகம் இன்னொரு சிறு கடற்கரை ஊர். தமிழ்நாட்டின் கடலூரில் சின்னிகிருஷ்ணன் என்பவர் திரவத்தைச் சிறு பைக்கற்றுகளில் அடைத்து, வெல்வெட் ஷாம்புவை ஏழையின் தலைக்கும் எட்டச் செய்தார். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983இல் 'சிக்' ஷாம்புவோடு தனியே தொழில் தொடங்கினார். அதுவே பின்னர் கெவின்கேர் ஆனது. போத்தல் அலுமாரியில் நிற்கும், பைக்கற்று நிற்காது. சரமாகத் தொங்குவதே அதன் இயல்பு. கடைமுகப்புக்குத் திரைச்சீலை தைத்துக் கொடுத்த பெருமை கடலூருக்கே உரியது. இலங்கை அரசு ஒரு வர்த்தமானி மூலம் 2021 மார்ச் 31 முதல், உணவும் மருந்தும் தவிர்ந்த, 20 மில்லிலீற்றருக்கு மேற்படாத பைக்கற்றுகளைத் தடைசெய்தது. ஒரு கையெழுத்தில் இவ்வளவு திரைச்சீலையைக் கழற்ற முயன்ற ஆட்சி வேறில்லை. அதே வர்த்தமானி காற்றடைத்த விளையாட்டுப் பொருள்களையும் தடுத்தது. ஆனால் பலூனுக்கும் பந்துக்கும் விலக்களித்தது. சட்டம் வரைந்தவர் ஏதோ ஒரு கடைவாசலில் வளர்ந்தவராயிருக்க வேண்டும்.

பந்து தனி அத்தியாயத்துக்குரியது. ஒவ்வொரு கடையிலும் தொங்கும்; வாங்கியவரைக் கண்டவர் இல்லை. ஆனால் ஆய்வாளனுக்கு அது கிடைத்தற்கரிய கருவி. வெயில் படும் பாதி வெளுத்தும் கடையைப் பார்த்த பாதி நிறம் மாறாமலும் இருக்கும். வில்லார்ட் லிபி கரிமம்-14 முறையால் பழம்பொருள்களின் வயதைக் கணித்து 1960இல் நோபல் பரிசு பெற்றார். அக்கரிமத்தின் அரைவாழ்வுக்காலம் 5,730 ஆண்டுகள். கடை விடயத்தில் அது பயன்படாது. பந்தின் வெளுப்போ ஒரு சித்திரையிலிருந்து மறு சித்திரைக்குள் தெளிவாக மாறிவிடும். ஒரே சிக்கல், சில முதலாளிமார் பந்தைத் திருப்பி விடுகிறார்கள். இது சான்றைச் சிதைக்கும் செயல்.

பத்திரிகைக் கயிற்றில் 1930இல் பிறந்த வீரகேசரியும் 1985இல் பிறந்த உதயனும் உடுப்புக் கிளிப்பில் அருகருகே தொங்கும். நின்ற நிலையில் இரண்டின் தலைப்புகளையும் முடித்துவிட்டு இரண்டு இதரைப்பழம் மட்டும் வாங்கிப் போகிறவர், நாட்டு நடப்பை அறிவதற்கு வாழைத்தோட்டக்காரருக்குக் கப்பம் கட்டுகிறார். அதற்குப் பக்கத்தில், தூணோடு, முனை கனன்றபடி ஒரு தும்புக்கயிறு தொங்கினால் அது பீடியும் சுருட்டும் பற்றவைக்க. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் புகையிலை விளம்பரங்களைச் சுவரிலிருந்து கழற்றியது; 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்பதையும் தடுத்தது. புகையும் கயிறு விளம்பரமா என்று அதில் சொல்லப்படவில்லை.

ஏன் தொங்குகிறது? எலிக்குப் பயந்து என்பது பொதுசனக் கருத்து. இது நிற்காது. துறைமுகத்தில் கப்பல் கட்டும் கயிறுகளில் வட்டத் தகடு மாட்டுவதே எலி கயிற்றில் ஏறும் என்பதால்தான். கப்பலேறும் எலிக்கு வாழைக்குலை எம்மாத்திரம்? இடவசதிக்காக என்பது இரண்டாம் கருத்து. உள்ளே பாதி வெறுமையாய்க் கிடக்கும் கடையிலும் வாசலில் தலை முட்டுகிறது. ஆகவே இதுவும் விழுந்தது.

எஞ்சுவது விளம்பரக் கோட்பாடு. இங்கே எழுத்துப் பலகை பொய் சொல்லும், தொங்கல் சொல்லாது. போர்க்காலத்தில், 1990இல், இப்பகுதிக்கு அரசு விதிக்கத் தொடங்கிய பொருளாதாரத் தடையில் பற்றரி, எரிபொருள், சீமெந்து, உரம் எல்லாம் அடங்கின. பலகையில் 'சகல சாமான்களும் கிடைக்கும்' என்றிருந்த கடைகளில் பற்றரிச் சரம் தொங்கவில்லை. சனம் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டது. ஜாம் போத்தலில் துளி மண்ணெண்ணெய் விட்டுப் படித்தது. 2002 ஏப்ரலில் ஏ9 நெடுஞ்சாலை திறந்ததும் வாசலைப் பார்த்தே பாதை திறந்ததை அறியலாம் என்றாயிற்று. நான்கு ஆண்டில் பாதை மறுபடி மூடியது. இடையில், 2004 டிசெம்பர் 26இல், முல்லைத்தீவுக் கரையைக் கடல் வாரிக்கொண்டு போனது. 2009இல் போர் மிச்சத்தையும் கொண்டுபோனது. இடம்பெயர்ந்தோர் தங்கவைக்கப்பட்ட மெனிக்பாம் முகாம் 2012 செப்ரெம்பரில் மூடப்படும்வரை சனம் கட்டம் கட்டமாகத்தான் திரும்பியது. திரும்பியவர் கடை போடும்போது முதலில் வேண்டியது சுவரல்ல. நாலு தடி, ஒரு தகரம், ஒரு கயிறு. அந்தக் கயிற்றில் ஒரு வாழைக்குலை ஏறியதும் ஒழுங்கை முழுவதும் அறிந்துவிடும், இங்கே ஆள் இருக்கிறது என்று. 2022இல் பால்மா தட்டுப்பாடு வந்தபோது இதே விதி தலைகீழாக வேலை செய்தது: பைக்கற்று முகப்பில் இல்லையென்றால் அது மேசைக்குக் கீழே, பழகிய முகத்துக்கு மட்டும்.

இறுதியாக, தொங்கும் பொருள் விற்பனைக்குரியதா என்ற வினா. சாமானை இறக்கக் கொக்கத்தடி மூலையில் சாத்தியிருப்பதால் ஆம் என்று தோன்றும். முல்லைத்தீவில் ஒரு கடைவாசலில் நடந்த உரையாடல் இதற்கு எதிர்ச்சான்று.

"அண்ணை, அந்த வாளியைத் தாங்கோ."

"உள்ளுக்கு இருக்கு தம்பி, எடுத்துத் தாறன்."

"இல்லை அண்ணை, அந்தச் சிவப்புத்தான் வேணும்."

"அது தரேலாது. அது தொங்கப் போட்டது."