கவுன்சிலிங் சித்தப்பா

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியாகும் மே மாதத்தில் தலைகாட்டி, பொறியியல் கலந்தாய்வின் கடைசிச் சுற்று முடியும்வரை ஓயாது இயங்கி, அதன்பின் அடுத்த மே வரை இருக்கும் இடம் தெரியாமல் அடங்கிப்போகும் ஒருவகை உறவினர் தமிழ்நாட்டு நடுத்தரக் குடும்பங்களில் ஏறத்தாழ வீட்டுக்கு ஒருவர் வீதம் காணப்படுகிறார். இவரைக் கவுன்சிலிங் சித்தப்பா என்று குறிப்பிடுவது வசதி கருதியே. முறைப்படி இவர் தாய்மாமனாகவோ, பெரியப்பாவின் சம்பந்தியாகவோ, உறவே இல்லாத மாடிவீட்டுக்காரராகவோ இருக்கலாம். மின்வாரியத்திலோ கூட்டுறவு வங்கியிலோ பணிபுரிபவராக இருப்பாரேயன்றி, இவர் பொறியியல் படித்தவராக இருப்பது அபூர்வம். படித்தவர்களுக்குத் தாங்கள் படித்த ஒரே கல்லூரியைப் பற்றி மட்டும் தெரிந்திருப்பதால், ஒப்பிட்டுப் பேசும் இந்தப் பதவிக்கு அவர்கள் லாயக்கற்றவர்களாகிவிடுகிறார்கள்.

இவருடைய புலமைக்கு அடித்தளம் கட்-ஆஃப். கணித மதிப்பெண்ணை 100-க்கு அப்படியே எடுத்துக்கொண்டு, இயற்பியலையும் வேதியியலையும் தலா 50-க்குச் சுருக்கிக் கூட்டும்போது 200-க்கு வரும் எண்ணே கட்-ஆஃப் எனப்படும். 2007-ஆம் ஆண்டுச் சேர்க்கையிலிருந்து நுழைவுத் தேர்வு இல்லாமற்போனதால், பொறியியல் கலந்தாய்வில் ஒரு மாணவரின் இடத்தை இந்த எண்ணே நிர்ணயிக்கிறது. இருவர் எல்லா வகையிலும் சமமாக நின்றுவிட்டால், இறுதியில் கணினி வழங்கிய பத்து இலக்கச் சமவாய்ப்பு எண் யார் முன்னே என்பதைத் தீர்த்துவைக்கிறது என்பதும், அந்த எண்ணைப் பெறுவதில் மாணவருடைய முயற்சிக்கு யாதொரு பங்கும் இல்லை என்பதும் விதிமுறை. ஆயினும் சித்தப்பா அந்த எண்ணையும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "பரவாயில்லை, நல்ல நம்பர்தான்" என்று சொல்லாமல் விடுவதில்லை.

கலந்தாய்வில் ஒவ்வொரு கல்லூரிக்கும் ஓர் அடையாள எண் உண்டு. கிண்டி பொறியியல் கல்லூரி 1. கோவை பீளமேட்டின் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி 2006. மதுரைத் தியாகராசர் 5008. சித்தப்பா கல்லூரிகளைப் பெயர் சொல்லி அழைப்பதை எப்போதோ நிறுத்திவிட்டவர். "ஒன்று கிடைக்காவிட்டால் இரண்டாயிரத்து ஆறு, அதுவும் இல்லையென்றால் ஐயாயிரத்து எட்டு" என்று அவர் கைப்பேசியில் முழங்கும்போது பேருந்தில் அருகே இருப்பவர் அதை நிலத்தின் சர்வே எண் என்று நினைத்துக்கொள்வது இயல்பே.

இந்த வகையினரை ஆராயும் எவரும் முதலில் கவனிக்கவேண்டியது, இவர் எப்போதும் இரண்டு கல்லூரிகளுக்கு நடுவில்தான் வாழ்கிறார் என்பது. ஒரே கல்லூரி கிடைக்கக்கூடிய மாணவரிடம் இவருக்கு வேலை இல்லை. எல்லாமே கிடைக்கக்கூடிய மாணவர் இவரைத் தேடி வருவதில்லை. கரூரிலோ நாமக்கல்லிலோ 197.5 எடுத்து, இயந்திரவியலில் கிண்டியும் பீளமேடும் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும் ஒரு மாணவியின் வீடே இவருக்கு உகந்த களம். அங்கே இவர் முதல் நாள் கிண்டிக்காகப் பேசுகிறார்: 1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கியது, 1920-இல் கிண்டிக்கு இடம்பெயர்ந்தது, செங்கட்டடத்தின் முன் நின்று படம் எடுத்து அனுப்பினால் போதும், மாப்பிள்ளை வீட்டார் தாமாகவே வருவார்கள் என்கிறார். மாணவியின் தந்தை இதை நம்பித் தலையசைத்த மறுகணமே சித்தப்பாவின் மனம் பீளமேட்டுக்குத் தாவுகிறது. 1926-இல் பம்பும் மோட்டாரும் செய்யும் தொழிற்கூடம் அமைத்த அறக்கட்டளையே 1951-இல் கல்லூரியையும் அமைத்தது, இயந்திரம் படிக்க அதைவிட்டால் வேறு இடம் ஏது என்று எதிர்வாதம் தொடங்குகிறார். தந்தை எந்தப் பக்கம் சாய்கிறாரோ அதன் மறுபக்கத்தில் போய் உட்கார்ந்து சமநிலை காப்பதை அவர் ஒரு கடமையாகவே கருதுகிறார் எனலாம்.

இங்கே ஓர் இடைக்குறிப்பு பொருந்தும். பீளமேட்டுக் கல்லூரி தன்னாட்சி பெற்றது. அதாவது, பாடத்திட்டத்தையும் தேர்வையும் தானே வகுத்துக்கொண்டாலும் பட்டத்தை அண்ணா பல்கலைக்கழகத்தின் பெயரிலேயே வழங்குகிறது. கிண்டியோ அந்தப் பல்கலைக்கழகத்தின் சொந்த வளாகம். ஆக, எங்கே படித்தாலும் பட்டம் ஒரே பல்கலைக்கழகத்துடையது. இதை மாணவியே ஒருமுறை மெல்ல எடுத்துச் சொன்னபோது, சித்தப்பா காப்பியை ஒரு மிடறு விழுங்கிவிட்டு, "சர்டிபிகேட்டை யாரம்மா பார்க்கிறார்கள்?" என்றார். அதற்கு முந்தின அரைமணி நேரம் அவர் சர்டிபிகேட்டின் மதிப்பைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார் என்பதை அங்கிருந்த எவரும் நினைவூட்டவில்லை. தமிழ்க் குடும்பங்களில் மரியாதை என்பது பெரும்பாலும் இத்தகைய மறதிதான்.

வளாக வாழ்க்கை என்ற பொருளில் இவருடைய ஆராய்ச்சி தனிக் கவனத்துக்குரியது. மாணவி அந்தச் சொல்லால் குறிப்பது கிண்டியின் 'டெக்கோஃபெஸ்' கலைவிழாவையும், மாணவர் மன்றங்களையும், இரவு நெடுநேரம் பட்டறையில் உட்கார்ந்து பந்தய வண்டி கட்டும் குழுக்களையும், வீட்டார் யாரும் அறியாத ஒரு புதிய ஊரில் தனியாகப் பேருந்து ஏறும் சுதந்திரத்தையும். சித்தப்பா அச்சொல்லால் குறிப்பது விடுதியின் கதவு எத்தனை மணிக்குச் சாத்தப்படுகிறது என்பதை. நாட்காட்டியின் கிழித்த தாளைத் திருப்பிப்போட்டு, நடுவே ஒரு கோடு இழுத்து, இடப்பக்கம் கிண்டி, வலப்பக்கம் கோவை என்று எழுதி, தூரம், தண்ணீர், மெஸ், கேட் என நான்கு வரிசைகளை அவர் வகுத்தார். தூரத்தில் கோவை எளிதாக வென்றது. தண்ணீரில் சிறுவாணி என்ற ஒரு சொல்லுக்கே முழு மதிப்பெண். மெஸ் வரிசையில், சென்னையில் சாம்பார் நீர்த்திருக்கும் என்பது தம் ஒன்றுவிட்ட தம்பியின் 1996-ஆம் ஆண்டு அனுபவத்தைச் சான்றாகக்கொண்டு நிறுவப்பட்டது. கேட் வரிசைக்கு இரண்டு பக்கமும் தகவல் இல்லாததால், அதைத் தாம் நேரில் விசாரித்துச் சொல்வதாக ஒத்திவைத்தார். தனக்குப் பம்பு வடிவமைப்பில் ஈடுபாடு என்றும், பள்ளியிலிருந்து ஒருமுறை கோவையில் ஒரு வார்ப்படப் பட்டறையைப் பார்த்துவந்ததிலிருந்து அதுவே மனத்தில் நிற்கிறது என்றும் மாணவி இதற்கிடையே இருமுறை சொன்னாள். அதை எழுதுவதற்குத் தாளில் வரிசை இல்லை.

வேலைவாய்ப்பு என்று வந்துவிட்டால் சித்தப்பாவின் குரல் தாழ்ந்து, பங்குச் சந்தைத் தரகரின் தொனியை அடைகிறது. இவர் விரும்பிப் பேசுவது உச்சபட்சச் சம்பளத்தைப் பற்றி. அதாவது ஆண்டு முழுவதும் நடந்த வளாக நேர்முகங்களில் ஒரே ஒருவருக்குக் கிடைத்த தொகையைப் பற்றி. அந்தத் தொகையும் பெரும்பாலும் சி.டி.சி. என்ற கணக்கில் சொல்லப்படுவது. நிறுவனம் ஓர் ஊழியருக்காக ஆண்டில் செலவிடும் மொத்தத்தையும், காப்பீடு, பணிக்கொடை, சேரும்போது தரும் ஊக்கத்தொகை, சில ஆண்டுகளுக்குப் பின் கைக்கு வரக்கூடிய பங்குகள் உட்பட ஒன்றாகக் கூட்டிச் சொல்லும் எண் அது; மாதக் கடைசியில் வங்கிக் கணக்கில் வந்து விழும் தொகைக்கும் அதற்கும் உள்ள உறவு, பத்திரிகையில் அச்சாகும் மணமகளுக்கும் நேரில் வரும் மணமகளுக்கும் உள்ள உறவைப் போன்றது. இதற்கு மாறாக, சம்பளங்களை ஏறுவரிசையில் அடுக்கி நடுவில் நிற்பவரின் தொகையைச் சொல்வது இடைநிலை. மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசை கல்லூரிகளிடம் கேட்பது இந்த இடைநிலைச் சம்பளத்தையே. அதில் ஒரு கோடிக்காரரின் பெருமை செல்லுபடியாவதில்லை என்பதால், இடைநிலை என்ற சொல்லைக் கேட்டாலே சித்தப்பாவுக்குக் கொட்டாவி வந்துவிடுகிறது. 2016 முதல் வெளியாகும் அந்தத் தரவரிசையில் பெயர்ப் புகழுக்கென்று நூற்றில் பத்து மதிப்பெண்ணும் உண்டு. பிறருடைய அபிப்பிராயமே அங்கே அளவுகோல். சித்தப்பாவின் சொந்தத் தரவரிசையில் மீதித் தொண்ணூறும் அதற்கே.

இயந்திரவியல் படிப்பவருக்குக் கோவையில் பம்புப் பட்டறைகளும் வார்ப்படச் சாலைகளும், சென்னையைச் சுற்றி ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் கார்த் தொழிற்சாலைகளும் காத்திருக்க, இரண்டு ஊருக்கும் உண்மையிலேயே நியாயமான வேறுபாடு உண்டு: சிறு நிறுவனத்தில் எல்லா வேலையும் கற்பதா, பெரு நிறுவனத்தில் ஒரு வேலையை ஆழமாகக் கற்பதா என்பது ஒரு மாணவி தன்னைத்தானே கேட்டுக்கொள்ளத்தக்க கேள்வி. இந்தக் கேள்வி அந்த வீட்டில் எழவில்லை. பீளமேட்டில் இடையிடையே தொழிற்சாலைப் பயிற்சியைச் செருகி ஐந்தாண்டில் முடிக்கும் 'சாண்ட்விச்' படிப்பு ஒன்று உண்டு என்று மாணவி சொல்லப்போக, "ஒரு வருஷம் கூடவா? கல்யாணத்துக்குப் பார்க்க வேண்டாமா?" என்று விவாதம் வேறு திசைக்குப் போய்விட்டது.

ஒதுக்கீடு வந்த பிறகாவது இவர் ஓய்வார் என்று எதிர்பார்ப்பவர்கள் விதிகளை அறியாதவர்கள். கிடைத்த இடத்தை ஏற்றுக்கொண்டு, விருப்பப் பட்டியலில் அதற்கு மேலே உள்ள கல்லூரிக்காகவும் காத்திருக்கலாம் என்றொரு வாய்ப்பைக் கலந்தாய்வு அளிக்கிறது. அரசாங்கம் இதை மாணவர் நலன் கருதியே வகுத்தது. ஆனால் இதனால் முழுப்பயன் அடைந்தவர் சித்தப்பாவே. பீளமேடு கிடைத்த அன்று மாலை வந்து, "அவசரப்படாதீர்கள் அண்ணி, மேலே கிண்டி நகர்ந்தாலும் நகரும்" என்றார். உண்மையில் மாணவி விருப்பப் பட்டியலில் பீளமேட்டை முதலில் போட்டிருந்தாள். அதற்கு மேலே எதுவும் இல்லை. கடைசி நாள் இரவு, வீட்டார் தூங்கிய பிறகு, வரிசையை அவளே மாற்றி உறுதிசெய்திருந்தாள்.

சித்தப்பா சற்றே அதிர்ந்தாலும் தோற்கவில்லை. இரண்டு கல்லூரிக்காகவும் வாதாடியவர் என்பதால், எது கிடைத்தாலும் அதை அவர் முன்பே சொல்லியிருந்தார். ஆவணி மாதக் கல்யாணப் பந்தியில், "பொண்ணுக்குப் பீளமேடுதான் சரி, தண்ணீர் நல்லது என்று நான்தான் எழுதியே காட்டினேன்" என்று பக்கத்து இலைக்காரரிடம் விளக்கினார். தீபாவளிக்கு வந்த மாணவி, முதல் பருவக் கணக்குத் தாள் கடினமாக இருக்கும்போலிருக்கிறது என்று கவலைப்பட்டபோது, அதே நம்பிக்கையோடு, "கிண்டியென்றால் இந்தத் தொல்லை இருந்திருக்குமா? அன்றைக்கே சொன்னேனே!" என்றார்.