நடிகையைச் சொந்தம் கொண்டாடுவது எப்படி

இலங்கையின் சிங்களப் பட நடிகை, பாடகி ருக்மணி தேவியைத் தெரியாதா? கவலையை விடுங்கள். தோப்பூரில் ஒரு தேத்தண்ணிக் கடையும் கேட்க நாலு பேரும் இருந்தால் போதும். கீழே சொன்னபடி செய்யுங்கள். பாதியை ஏற்கெனவே நன்றாகச் செய்துகொண்டுதான் இருக்கிறீர்கள்.

1. சாவிலிருந்து தொடங்குங்கள். 1978 ஒக்டோபர் 28, மாத்தறையில் பாட்டுக் கச்சேரி முடித்துத் திரும்பும் வழியில், துடெல்லவில் வாகன விபத்து, வயது 55. நடிப்பைப் பற்றி ஒன்றும் தெரியாதவருக்கு விபத்தைப்போல உதவி வேறில்லை. வண்டி எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதை நீங்களே முடிவு செய்யலாம்.

2. அடுத்து குரலைத் தாழ்த்துங்கள். "அவ தமிழ்ப் பிள்ளை, தெரியுமா?" 1923இல் இறம்பொடையில் பிறந்த டெய்சி ராசம்மா டானியல்ஸ். 'ராசம்மா'வில் அழுத்தம் கொடுங்கள். முன்னும் பின்னும் உள்ளவற்றை விழுங்கிவிடுங்கள்.

3. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். பிறந்தது கிறிஸ்தவ வீட்டில், மேடைக்கு வைத்துக்கொண்டது இந்துப் பெயர், சிறுவயதில் சிங்கள இராமாயண நாடகத்தில் சீதை, பிறகு எச். டபிள்யூ. ரூபசிங்கவோடு இசைத்தட்டில் புத்தகயா விகாரையைப் பற்றிய பாட்டு. கணவர் எடி ஜயமான்ன. இத்தனையையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டால், "அப்ப அவ எந்த ஆக்கள்?" என்று கேட்டவர் தேத்தண்ணியை ஆறவிட்டு யோசிக்கத் தொடங்கிவிடுவார். யோசிக்க விடாதீர்கள். ராசம்மாவுக்குத் திரும்புங்கள்.

4. இப்போது மேசையில் தட்டுங்கள். முதல் சிங்களப் பேசும்படம் 'கடவுனு பொரொந்துவ', 1947. தயாரித்த எஸ். எம். நாயகம் தமிழர், படம் பிடித்தது தென்னிந்தியாவில், கதாநாயகி ருக்மணி தேவி. "சிங்களப் படத்தையே நாமதான் தொடக்கி வச்சம்!" தோப்பூரில் இந்த 'நாம'வுக்குக் கொஞ்சம் பயிற்சி வேண்டும். மற்ற நாளெல்லாம் "நாம தமிழரில்ல, முஸ்லிம்" என்று திருத்துகிறவர்களும் அன்றைக்கு மட்டும் சேர்ந்துகொள்ளலாம். மறுநாள் விலகிக்கொள்ளலாம், ஒருவரும் கணக்குக் கேட்பதில்லை. ஆனால் அந்தப் படத்தின் வரலாற்றை மட்டும் தேடிப் படித்துவிடாதீர்கள். அது ஜயமான்ன சகோதரர்களின் மினர்வா குழு ஊர் ஊராக நடித்த நாடகம், எழுதியவர் பி. ஏ. டபிள்யூ. ஜயமான்ன என்பதெல்லாம் தெரியவந்து, தட்டிய கை வலிக்கும்.

5. "தமிழ்ப் பிள்ளை எப்படி இவ்வளவு சுத்தமாச் சிங்களத்தில பாடினா!" என்று வாயைப் பிளந்து வியந்துகொள்ளுங்கள். பக்கத்து மேசையில் ஒரு பொடியன் பொலன்னறுவை ஆலை முதலாளியோடு போனில் நெல் விலையைச் சிங்களத்திலேயே பேரம் பேசிக்கொண்டிருப்பான். அந்தப் பக்கம் திரும்பாதீர்கள்.

6. பாட்டைப் போடாதீர்கள். எந்தக் காரணம் கொண்டும். கையில் போன் இருக்கிறது, பாட்டும் இணையத்தில் இருக்கிறது, அதனால்தான் எச்சரிக்கிறேன். குரல் வந்துவிட்டால் உங்கள் பேச்சை யார் கேட்பது?

7. ஒரு பொல்லாத பிள்ளை, "நானா, அவவுட பாட்டுல உங்களுக்கு எது விருப்பம்?" என்று கேட்கும். பதறாமல் நடிகை சாவித்திரிக்குத் தாவுங்கள். 'பாசமலர்' என்று சொன்னதுமே கடை முழுக்க ஒரு பெருமூச்சு எழும். "நம்மட சாவித்திரி" என்று கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். குண்டூர்ப் பக்கத்துத் தெலுங்குப் பெண் எப்படி நம்முடையவர் ஆனார் என்று அங்கே ஒருவரும் கேட்கமாட்டார்.