மைக் பிடித்த மருமகன்

மேடையில் தனியாளாகப் பகிடி சொல்வதை இந்தியாவில் ஸ்டாண்ட்-அப் என்கிறார்கள். பேசுகிறவர் நின்றுகொண்டே சிரிப்புக் காட்டுவதால் அந்தப் பெயராம். இலங்கையின் கிழக்குக் கரையில் இருக்கும் தம்பிலுவிலில் நிற்பது சனம். முன்வரிசைப் பிளாஸ்டிக் கதிரைகள் அதிதிகளுக்கு, பின்வரிசைகள் அதிதிகளின் சொந்தக்காரர்களுக்கு. ஊர் முழுக்கச் சொந்தம் என்பதால் கதிரை எப்படியும் காணாது.

சித்திரை வருஷப்பிறப்புக்கு விளையாட்டுக் கழகம் விழா எடுக்கும். பகலில் வழுக்குமரம், தலையணைச் சமர், முட்டி உடைத்தல். இரவில் மேடை. பிள்ளைகளின் நடனம் முடிந்து, பரிசு கொடுக்க வேண்டிய பிரதம அதிதி இன்னும் வந்து சேராத நேரத்தில் ஊர்ப் பகிடிக்காரரைக் கூப்பிடுவார்கள். பகலில் ஆட்டோ ஓட்டுகிறவர். அதிதி எவ்வளவு பிந்துகிறாரோ அவ்வளவு நேரம் சிரிக்க வைக்க வேண்டும். வாகன வெளிச்சம் தெரிந்ததும் பகிடியைப் பாதியில் விட்டுவிட்டு இறங்கிவிட வேண்டும். அவருடைய பல பகிடிகள் எப்படி முடியும் என்று ஊருக்கு இன்றுவரை தெரியாது.

தனக்கு இரண்டு குருமார் என்பார். ஒருவர் கே. எஸ். பாலச்சந்திரன். ‘அண்ணை றைற்’ தனிநடிப்பில் பஸ் கண்டக்டராக வந்து, வெறும் மேடையில் ஒரு பஸ் நிறையச் சனத்தை ஏற்றி இறக்கிக் காட்டியவர். 2014இல் கனடாவில் காலமானார். அந்தக் கண்டக்டர் பேசியது யாழ்ப்பாணத் தமிழ். நம்மவர் தன் பஸ்ஸை அக்கரைப்பற்று-பொத்துவில் வீதியில் ஓட விட்டிருக்கிறார். கோமாரிக்குக் கிட்ட மாடு குறுக்கே படுத்திருக்கும் கட்டம் வந்தால், “அது எங்கட மாடு” என்று பின்னாலிருந்து யாராவது உரிமை கொண்டாடுவார்கள்.

மற்றவர் மரிக்கார் ராமதாஸ். இலங்கை வானொலி நாடகத்தில் கலக்கிய ‘கோமாளிகள்’ 1976இல் திரைக்கும் வந்தார்கள். அதில் மரிக்காராக முஸ்லிம் தமிழ் பேசியவர் எஸ். ராமதாஸ், ஐயராக வந்தவர் பி. எச். அப்துல் ஹமீட். இன்றைக்கு இப்படிப் பாத்திரம் பிரித்தால் இரண்டு பக்கத்திலிருந்தும் கண்டன அறிக்கை வரும். அன்றைக்கு இரண்டு பக்கமும் வானொலிப் பெட்டியைச் சுற்றிக் குந்தியிருந்து சிரித்தது. நம்மவரும் மரிக்கார் குரல் எடுப்பார். அக்கரைப்பற்றிலிருந்து வந்திருக்கும் புடவைக்கடைக் காக்கா வயிறு குலுங்கச் சிரித்து முடித்துவிட்டுச் சொல்வார்: “தம்பி, நல்லாரிக்கு. ஆனா அது கொழும்பு மரிக்கார். எங்கட பக்கம் ஆரு இப்படிக் கதைக்கிற?”

குரலையாவது கடன் வாங்கலாம், வீட்டுச் சண்டையை வாங்க முடியாது. தொடக்கத்தில் அவர் சென்னைத் தொலைக்காட்சிகளைப் பார்த்து மாமியார், மருமகள் பகிடிகளைக் கொண்டுவந்து இறக்கினார். சனம் கொட்டாவி விட்டது. இந்தக் கரையில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் குடி தாய்வழியே வருகிறது. வீடு மகளுக்குச் சீதனமாகப் போகிறது. கலியாணம் முடிந்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறவன் மாப்பிள்ளை. மருமகள் தன் தாயோடு சுகமாக இருக்கிறாள், அவளுக்கு யாரோடு சண்டை? மாட்டிக்கொண்டவன் மருமகன்.

இது அவருக்குப் பிடிபட இரண்டு வருஷப்பிறப்பு பிடித்தது. மூன்றாவதில் மைக்கை வாங்கியவர், பஸ்ஸையும் மரிக்காரையும் விட்டுவிட்டு மாமி வீட்டுக்குள் நுழைந்தார்.

“எங்கட வீட்டுல மீன் ஆக்கினா தலை மாமாக்கு. நடுத்துண்டு புள்ளைகளுக்கு. வால் பூனைக்கு. மறுகா நான் என்ன செய்ற? பூனையோட கதைச்சி ஒரு ஒப்பந்தத்துக்கு வந்திரிக்கன்.”

நின்றுகொண்டிருந்த ஆண்கள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். பலபேர் அதே ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தவர்கள் என்பது பார்த்தாலே தெரிந்தது. பெண்கள் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு ஒரு பெரியம்மாவின் குரல்: “அந்தப் பூனைக்கும் சோறு போடுற மாமிதானேகா!” அதற்கு எழுந்த சிரிப்பு அவருடைய பகிடிக்கு எழுந்ததைவிடப் பெரிது. நல்ல பகிடிக்காரர், அதற்கும் கும்பிடு போட்டார்.

அன்றைக்கு அதிதி வழமையைவிடப் பிந்திவிட்டார். அதுதான் வினை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பகிடியைக் கடைசிவரை சொல்லி முடிக்க அவருக்கு நேரம் கிடைத்தது. மூன்றாம் வரிசையில் மாமி இருந்ததை அவர் கவனித்தது அதற்குப் பிறகு.

கழகத் தலைவர் பொன்னாடை போர்த்தினார். காசு பிறகு தருவதாகச் சொன்னார். வீட்டுக்குப் போனால் படலை பூட்டியிருந்தது. பூனை மட்டும் வேலியில் இருந்து பார்த்தது. ஆட்டோவைத் திருப்பிக்கொண்டு வந்து கழகக் கட்டட வாங்கில் படுத்தார். பனி இறங்கிய இரவு. போர்த்திக்கொள்ளப் பொன்னாடை இருந்தது.