பட்டை தீட்டாத ஞானம்

வைரத்தைப் பற்றி எனக்கு முதலில் பாடம் எடுத்தது தமிழ் சினிமா. மானம் போகிறது என்றால் வைர மோதிரத்தைக் கடித்து உயிரை விடுவார்கள். எங்கள் தெருவில் வைர மூக்குத்தி போட்ட பாட்டி ஒருவர் இருந்தார். ஜலதோஷம் பிடித்து அவர் மூக்கை உறிஞ்சும்போதெல்லாம் எனக்குத்தான் உயிர் போய் வரும். வைரம் வெறும் கார்பன், விஷமே கிடையாது என்று தெரிந்தபோது எனக்கு மீசை முளைத்திருந்தது. பாட்டி அப்போதும் நன்றாகவே இருந்தார்.

இந்த லட்சணத்தில் மனைவிக்குத் தோடு வாங்கப் போனேன். "வைரத்தை 22 கேரட்லயே காட்டுங்க" என்றேன், விவரம் தெரிந்தவன் குரலில். தங்கத்துக்குக் கேரட் என்பது சுத்தம். வைரத்துக்கு அது எடை. ஒரு கேரட் 200 மில்லிகிராம். அதாவது நான் கேட்டது 4.4 கிராம் வைரம். அதற்கு என் வீட்டோடு எதிர்வீட்டையும் சேர்த்து விற்க வேண்டும்.

கடைப் பையன் சிரிக்கவில்லை. பயிற்சி அப்படி. "உங்க பட்ஜெட்டுக்கு 10 சென்ட் வரும் சார்" என்றான். 100 சென்ட் ஒரு கேரட். 10 சென்ட் 20 மில்லிகிராம். நான் தினமும் விழுங்கும் பிரஷர் மாத்திரையே 40.

"கலர் டி பார்க்கறீங்களா, ஜி போதுமா?" என்று கேட்டான். பள்ளிக்கூட மார்க் ஷீட் ஞாபகத்தில், "டி கிரேடெல்லாம் நமக்கு வேணாம் தம்பி, ஏ எடு" என்று முறைத்தேன். பழைய தர வரிசைகளில் ஏ, பி, சி என்று ஆளாளுக்கு ஒன்று வைத்துக் குழப்பியிருந்ததால், அமெரிக்காவின் ஜிஐஏ நிறுவனம் புதிதாக டி-யிலிருந்து ஆரம்பித்ததாம். டி என்றால் துளியும் நிறமில்லாதது. இசட் பக்கம் போகப் போக மஞ்சள் ஏறும். நான் வேண்டாமென்று தள்ளியது இருப்பதிலேயே உசத்தி. நல்லவேளை, பணமும் அதையேதான் சொன்னது.

அடுத்து "விவிஎஸ்" என்றான். எனக்குத் தெரிந்த ஒரே விவிஎஸ், லட்சுமண். 10 மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸில் பார்த்தாலும் குறை சுலபத்தில் சிக்காத கல்லாம். லென்ஸை வாங்கி ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். என் இமைமுடி தெரிந்தது. "சூப்பர் கிளாரிட்டி" என்று தலையாட்டிவிட்டு, ஒன்றும் வாங்காமல் வீடு திரும்பினேன்.

அசலா போலியா என்று வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம் என்று யாரோ சொல்வார்கள்; நீங்களும் நம்பியிருப்பீர்கள். வைரம் கண்ணாடியைக் கீறும். மனைவியின் பழைய மோதிரத்தை எடுத்து பீரோ கண்ணாடியில் ஒரு இழு இழுத்தேன். அழகாகக் கோடு விழுந்தது. "வைரம்தான்!" என்று கத்தினேன். அது திருச்சிப் பக்கம் பட்டை தீட்டிய அமெரிக்கன் டைமண்ட், பொருட்காட்சியில் வாங்கியது. அதுவும் கண்ணாடியைக் கீறும் என்பதை அந்த யாரோ சொல்லவில்லை. இப்போது தினமும் தழும்போடு ஷேவ் செய்கிறேன்.

மாமியாரின் ஏழுகல் தோடு மங்கிக் கிடந்தது. "ப்ளூ ஜாகர், மாப்பிள்ளை" என்றார். ஜாகர் என்பது அந்தக் காலத்து சேட்டு ஒருவரின் பெயர் என்று நினைத்திருந்தேன். தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபோன்டைன் சுரங்கமாம். "கல்லுக்கு வயசாயிடுச்சு அத்தை" என்று தீர்ப்பும் சொன்னேன். வைரத்துக்கு எண்ணெய்ப் பிசுக்கு என்றால் உயிர். சுரங்கங்களில் கிரீஸ் தடவிய மேசையில் ஒட்டவைத்தே அதைப் பிரித்தெடுத்திருக்கிறார்கள். மாமியார் பேசாமல் தோட்டைப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறவைத்து, பழைய பிரஷ்ஷால் மெல்லத் தேய்த்தார். கல் பளிச்சென்று ஆனது. மிச்சமிருந்த தண்ணீரையும் என் தலையையும் மாறி மாறிப் பார்த்தார்.

செலவைத் தள்ளிப்போட ஜோசியத்தைப் பிடித்தேன். வைரம் சுக்கிரனின் கல், எல்லாருக்கும் ஒத்துக்காது, தோஷமிருந்தால் குடும்பத்தையே கவிழ்த்துவிடும் என்று பயமுறுத்தினேன். "அப்ப கொஞ்ச நாள் வீட்டுல வெச்சுப் பார்த்துட்டு வாங்கலாம்" என்று மனைவி தெரிந்த கடையிலிருந்து கல்லைக் கொண்டுவந்து சாமி அலமாரியில் வைத்தாள். வருஷக்கணக்கில் வராத அரியர்ஸ் அந்த வாரம் பார்த்தா வர வேண்டும்?

சரி, அறிவால் வெல்வோம் என்று விளம்பர உலகத்துக்குத் தாவினேன். வைரம் என்றென்றும் நிலைக்கும் என்ற வாசகத்தை டி பியர்ஸ் கம்பெனிக்காக 1947-இல் எழுதியவர் பிரான்சஸ் ஜெரட்டி. காதலுக்கும் வைரத்துக்கும் முடிச்சுப் போட்ட அந்தப் பெண்மணி கடைசிவரை கல்யாணமே செய்துகொள்ளவில்லை என்றேன். "விவரமானவங்க" என்றாள்.

கடைசியில் லேப் வைரம் வாங்கினோம். விலை குறைவு, கார்பன் அதே கார்பன். லென்ஸை வைத்துப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது, அதற்கென்று தனிக் கருவி வேண்டும். உருப்படியாக ஒரு முடிவு எடுத்துவிட்டேன் என்று பூரித்தேன். மனைவி ஒரு நிபந்தனை போட்டாள்: யாரிடமும் நான் வாயைத் திறக்கக் கூடாது.

ஒரு கல்யாணப் பந்தியில் அவளுடைய அக்கா தோட்டைப் பார்த்து, "ஜொலிக்குதேடி!" என்றார். அதோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம். "இதை எப்படிச் செய்யறாங்க தெரியுமாக்கா?" என்று நானே ஆரம்பித்தேன். மெல்லிய வைரத் துண்டு ஒன்றை விதையாக வைத்து, மீத்தேன் வாயுவைச் செலுத்திச் சூடேற்றினால், கார்பன் அடுக்கடுக்காகப் படிந்து சில வாரங்களில் வைரம் வளர்ந்துவிடும் என்று, சாம்பார் முடிந்து ரசம் வரும்வரை விளக்கினேன்.

அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதை விக்கப் போனா என்ன கிடைக்கும்?" என்றார்.

வைரத்தைப் பற்றி எனக்குச் சரியான பதில் தெரிந்த ஒரே கேள்வி அதுதான். பக்கத்து இலையைப் பார்த்தேன். பிறகு, பாயசம் இன்னும் கொஞ்சம் விடச் சொன்னேன்.